இறங்கினாரா, இறக்கினோமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் பத்திரிகையை முப்பது வருஷத்துக்கு மேலாக வாங்குகிறேன். காலையில் டீயோடு அதைப் பிரித்தால்தான் எனக்குப் பொழுது விடிந்த மாதிரி இருக்கும். குறை சொல்லத்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அடிக்கடி உள்பக்கத்தில் ஒற்றைப் பத்திச் செய்தி ஒன்று வருகிறது: "கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கிய இருவர் விஷவாயு தாக்கி பலி". ஊர் மாறும், வயது மாறும், வாக்கியம் மட்டும் மாறுவதே இல்லை, முன்கூட்டியே அச்சுக்கோத்து வைத்த மாதிரி. அதில் இரண்டு சொல்லோடு எனக்குச் சண்டை. ஒன்று 'இறங்கிய', இன்னொன்று 'தாக்கி'. யாரும் தானாகப் போய் அதற்குள் இறங்குவதில்லை. யாரோ போன் போட்டு, கூலி பேசி, மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு மேலே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாயுவும் எங்கிருந்தோ பாய்ந்து வருவதில்லை, அது உள்ளேதான் இருக்கிறது, இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். உங்கள் செய்தியில் வாயு இருக்கிறது, செத்தவர் இருக்கிறார், கூப்பிட்டவரைத்தான் காணோம்.

கூப்பிட்டவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் எழுதுகிறேன்.

தென்மாவட்டத்தில் ஒரு நகராட்சியில் எழுத்தராகச் சேர்ந்து, 34 வருஷம் வேலை பார்த்து 2017ல் ஓய்வு பெற்றவன் நான். அதில் பதினோரு வருஷம் சுகாதாரப் பிரிவு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஊரில் எடுப்புக் கக்கூஸ்கள் இருந்தன. இப்போதைய பிள்ளைகளுக்கு அந்த வார்த்தையே தெரியாது, தெரியாமல் இருப்பதும் நல்லதுதான். இரண்டு வரிசை வீடுகளின் பின்பக்கத்துக்கு நடுவே ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு ஒரு சந்து, கக்கூஸின் பின்சுவரில் முழங்கால் உயரத்தில் ஒரு தகரக் கதவு. விடிந்ததும் ஒரு அம்மா கூடையும் வாளியும் வளைத்த தகரமுமாக வருவார். கதவைத் தூக்கிவிட்டு உள்ளே கையை விட்டு வழித்து, சாம்பலைத் தூவிக் கூடையில் அள்ளுவார். மழைக்காலத்தில் கூடை தலையிலேயே ஒழுகும். எங்கள் வீட்டுக்கு வந்தவரின் முகம் எனக்கு ஞாபகம் இல்லை. பார்த்திருந்தால்தானே ஞாபகம் இருக்க. பார்க்காமல் இருப்பதற்கென்றே கட்டிய சந்து அது. தீபாவளிக்கு மட்டும் முன்வாசலுக்கு வருவார், என் பாட்டி எட்ட நின்று முறுக்கை அவர் முந்தானையில் போடுவார்.

அந்தக் கக்கூஸ்கள் போய்விட்டன. 1993ல் ஒரு சட்டம், அது போதவில்லை என்று 2013ல் இன்னொரு சட்டம். எடுப்புக் கக்கூஸ் போனது சரி, அள்ளிய குடும்பங்கள் எங்கே போயின? எங்கள் ஊரில் அந்தக் காலனி அதே இடத்தில்தான் இருக்கிறது. தாயார் கூடை தூக்கினார், மகன் செப்டிக் டேங்குக்கும் பாதாளச் சாக்கடைக்கும் வந்தார். அவ்வளவுதான் நடந்த மாற்றம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். ஓய்வுக்குப் பிறகு மதுரைக்கு வெளியே, பாதாளச் சாக்கடை இன்னும் வராத பக்கமாக, 24 வீட்டு அடுக்ககம் ஒன்றில் குடியேறினேன். ஆபீஸில் குப்பை கொட்டியவன் என்று சங்கத்துக்கு என்னையே செயலாளர் ஆக்கினார்கள். இரண்டாவது வருஷம் கீழ்வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் எதிர்த்து வந்தது. கட்டிய நாளிலிருந்து ஒன்பது வருஷமாகத் தொட்டியை யாரும் திறக்கவே இல்லை. கழிவுநீர் லாரி வந்து குழாயைப் போட்டு ஒன்றரை மணி நேரம் இழுத்தது. மேல்தண்ணீர் எல்லாம் போய்விட்டது. அடியில் இரண்டடிக்கு மேல் மண்டி, களிமண் கணக்காக இறுகிக் கிடந்தது, குழாய்க்கு அது அசைந்து கொடுக்கவில்லை. "ஆள் இறங்கிக் கலக்கி விட்டாத்தான் சார் வரும்" என்றார் டிரைவர். பொருளாளர் என்னைப் பார்த்தார். "எவ்வளவு ஆகும்?" என்று கேட்டது நான். இரண்டாயிரம் என்றதை ஆயிரத்து ஐந்நூறுக்குப் பேசி முடித்தது பொருளாளர். சட்டம் தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. அது சம்பந்தமான சுற்றறிக்கைகளுக்கு நம்பர் போட்டுக் கோப்பில் கட்டியவனே நான்தான்.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். கூட அவருடைய மச்சான். சட்டையைக் கழற்றி, மடித்து, காம்பவுண்டு சுவரில் வைத்தார். அதன் மேல் செல்போன், அதன் மேல் வாட்ச். உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டார். குவார்ட்டர் பாட்டிலைத் திறந்து பாதியை அங்கேயே நின்று குடித்தார், "இது இல்லாம உள்ள போக முடியாது சார்" என்று எனக்கு விளக்கமும் சொன்னார், நான் ஏதோ முகம் சுளித்திருப்பேன் போல. மூடியைத் திறந்து அரைமணி காற்றாட விட்டார். காகிதத்தைக் கொளுத்தி உள்ளே போட்டுப் பார்த்தார். வாயு இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் இருந்த ஒரே கருவி அந்தக் காகிதம்தான், அதுவும் வெடித்துத் தொலைத்தால் போச்சு. 2013 சட்டத்தின் விதிகளில் 44 வகைப் பாதுகாப்புச் சாதனங்களின் பட்டியல் இருக்கிறது. இங்கே இடுப்பில் ஒரு கயிறுகூட இல்லை. ஏணி மட்டும் நாங்கள் கொடுத்தோம், வெள்ளையடிக்கிற மூங்கில் ஏணி. "அப்புறம் அந்த ஏணியை என்ன பண்றது?" என்று மேல்மாடியிலிருந்து ஒருவர் கேட்டார்.

பத்து நிமிஷம் மண்வெட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம் நின்றது. மச்சான் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், பதில் இல்லை. அடுத்த நொடி அவரும் இறங்கப் பாய்ந்தார். லாரி டிரைவர் அவரை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்துக்கொண்டார், எவ்வளவு உதறியும் விடவில்லை. விட்டிருந்தால் மறுநாள் உங்கள் பத்திரிகையில் எங்கள் அடுக்ககமும் வந்திருக்கும், 'இருவர் பலி' என்று. உள்ளே இருந்தவர் தலை சுற்றுவது தெரிந்ததுமே ஏணியில் நாலு படி ஏறி, படிக்குள் ஒரு கையைக் கோத்துக்கொண்டு சாய்ந்திருந்தார். மூன்று பேராக அக்குளில் கை கொடுத்து மேலே தூக்கினார்கள். அந்த மூன்று பேரில் நான் இல்லை. பக்கத்தில்தான் நின்றேன், கை போகவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கும் வெட்கமாக இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து வாந்தி எடுத்தார், எழுந்து உட்கார்ந்தார், முதலில் கேட்டது செல்போனை. வாட்ச்மேன் தோட்டத்துக் குழாயைத் தூரத்தில் இருந்தே பீய்ச்சினார், அதில் குளித்தார். இரண்டாயிரமாகவே கொடுத்தனுப்பினோம், ஐந்நூறு ரூபாய்க்குப் பாவம் கழிந்த மாதிரி. அவர் பிழைத்துவிட்டார், அதனால் அது செய்தியும் ஆகவில்லை, கணக்கிலும் ஏறவில்லை.

பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டேன், மண்டியைக் கிளறும்போதுதான் அதற்குள் அடைந்து கிடக்கிற ஹைட்ரஜன் சல்பைடு வெளியே வருகிறது. அழுகின முட்டை நாற்றம் அடிக்கிறவரை பரவாயில்லை. அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் குறைந்துவிட்டது என்று நினைக்கிற நேரத்தில் ஆள் சாய்ந்துவிடுவார். அதனால்தான் ஒருவரைத் தூக்க இன்னொருவர், அவரைத் தூக்க மூன்றாமவர். உங்கள் செய்திகளில் அண்ணன் தம்பி, அப்பா மகன், மாமன் மச்சான் என்று சேர்ந்தே சாகிறார்களே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? சொந்தக்காரர்களாகத்தான் இந்த வேலைக்கு வருகிறார்கள், வேறு யாரும் வருவதில்லை. சாதி என்ற வார்த்தையை நீங்கள் அச்சிடாவிட்டாலும் அந்த உறவுமுறையில் அது தெரிகிறது.

எண்ணிக்கையும் இருக்கிறது. மத்திய அரசின் நமஸ்தே திட்டத்தில் சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களைக் கணக்கெடுத்தபோது, முதல் 38,000 பேரில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 69 பேர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92. கையால் மலம் அள்ளுவோர் என்று 2013லும் 2018லும் நடந்த கணக்கெடுப்புகளில் நாடு முழுக்க 58,098 பேரைக் கண்டுபிடித்தார்கள். சாதி விவரம் கிடைத்த 43,797 பேரில் 42,594 பேர் பட்டியல் சாதி. அந்த 58,098ல் தமிழ்நாட்டின் பங்கு எவ்வளவு தெரியுமா? வெறும் 398. அதே தமிழ்நாடுதான், 1993க்குப் பிறகு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்தவர்கள் என்று நாடாளுமன்றத்தில் மாநிலவாரியாகக் கொடுத்த பட்டியலில் இருநூறுக்கு மேல் எண்ணிக்கையோடு முதலிடம். அள்ளுகிறவர் நானூறு பேர்கூட இல்லாத மாநிலத்தில் இத்தனை பேர் எப்படிச் சாகிறார்கள் என்று கேட்டால், அது வேறு இது வேறு என்பார்கள். கழிப்பிடத்தில் அள்ளினால் 'கையால் மலம் அள்ளுபவர்'. தொட்டிக்குள் இறங்கினால் 'அபாயகரமான துப்புரவு'. சட்டத்தில் இரண்டுக்கும் தனித்தனி விளக்கம் இருப்பதால்தான், கையால் மலம் அள்ளி யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று மந்திரிகளால் நாடாளுமன்றத்தில் பதில் சொல்ல முடிகிறது.

அந்த 398 எப்படி வந்தது என்பதில் என் கைங்கரியமும் உண்டு. கணக்கெடுப்புக்கு எங்கள் அலுவலகத்திலேயே முகாம் போட்டார்கள். தொழிலாளர்களை வரிசையில் நிறுத்தி, அவர்களுக்குத் தினமும் வேலை சொல்கிற ஆட்களே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டார்கள், "நீ கையால அள்ளுறியா?" ஆமாம் என்றால், அள்ளச் சொன்னது யார் என்று அடுத்த கேள்வி வரும், அதற்குப் பதில் எதிரே உட்கார்ந்திருக்கிறது. ஒரு அம்மா மட்டும், "ரோட்டோர சாக்கடையில எல்லாந்தான்யா வருது, அதை எதுல அள்ளுறது" என்றார். சாக்கடைத் தூர் வாருதல் என்று எழுதச் சொன்னார்கள். மாலையில் 'இன்மை அறிக்கை', அதாவது இங்கே அப்படி யாரும் இல்லை என்ற காகிதம், தட்டச்சு செய்து கையெழுத்துக்கு வைத்தவன் நான். அரசு ஆபீஸில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், இன்மை அறிக்கை மாதிரி நிம்மதியான காகிதம் வேறு கிடையாது.

பட்டியலில் பெயர் வந்தால்தான் மறுவாழ்வு. பக்கத்து ஊரில் அப்படிப் பெயர் வந்த ஒரு பெண்மணியை எனக்குத் தெரியும். ஒருமுறை உதவித்தொகை 40,000 ரூபாய் கிடைத்தது. அதோடு கொஞ்சம் கடனும் வாங்கி, பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் இட்லிக் கடை போட்டார். நன்றாகவே சமைப்பார். முதல் வாரம் வெளியூர்க்காரர்கள் சாப்பிட்டார்கள். அப்புறம் யாரோ சொல்லிவிட்டார்கள், "அது முனிசிபாலிட்டியில கூட்டுற அம்மா கடை". கூட்டம் நின்றது. மாவு புளித்து நாலு நாள் கீழே கொட்டியிருக்கிறார். ஐந்து மாதத்தில் கடையைத் தூக்கிக்கொண்டு காலனிக்குள்ளேயே போய்விட்டார், அங்கே யார் கையில் காசு இருக்கிறது? இப்போது மறுபடியும் துடைப்பம், ஒப்பந்தக்காரரிடம். பணம் கொடுத்தால் தொழில் மாறிவிடும் என்று திட்டம் போட்டவர்கள், அவர் சுட்ட இட்லியை யார் வாங்கித் தின்பார்கள் என்று நினைத்துப் பார்க்கவில்லை. நானும் அங்கே ஒரு நாள்கூடச் சாப்பிட்டதில்லை, போகிற வழிதான்.

வாரிசு வேலை இன்னொரு கூத்து. பணியில் இருக்கும்போது இறந்த துப்புரவுப் பணியாளரின் மகன், பட்டப்படிப்பு படித்தவன், மனுவோடு வந்தான். எழுத்தர் இடம் காலி இல்லை, துப்புரவு இடம்தான் காலி என்றார்கள். அந்த மாதமே வேறு பிரிவில் இறந்துபோன ஒருவரின் மகனுக்கு இடம் எப்படியோ காலியானது. இரண்டு கோப்பும் என் மேஜை வழியாகத்தான் போயின. அந்தப் பையன் இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு அப்பாவின் துடைப்பத்தையே எடுத்தான்.

நல்லது நடக்கவே இல்லை என்று சொல்லமாட்டேன். கோலார் தங்கவயலில் துப்புரவுக் குடும்பத்தில் பிறந்த பெசவாடா வில்சனும் அவருடைய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற துப்புரவுத் தொழிலாளர் இயக்கமும் உச்ச நீதிமன்றத்துக்குப் போய்ப் போராடியதால்தான், 2014 மார்ச்சில், 1993க்குப் பிறகு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து லட்சம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை 30 லட்சமாக உயர்த்தியது, நிரந்தர ஊனம் என்றால் 20 லட்சம். 2025 ஜனவரியில் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்கவே கூடாது என்று உத்தரவிட்டது. சென்னை ஐஐடியில் தொட்டிக்குள் மண்டியைக் கலக்கிவிட ஹோமோசெப் என்று ஓர் இயந்திரம் செய்திருக்கிறார்கள், அதைக் கணவரை இழந்த பெண்களின் குழுக்களிடமே கொடுக்கவும் செய்தார்கள். 2024ல் சென்னை குடிநீர் வாரியத்தில் தூய்மைப் பணியாளர்களும் அவர்கள் குடும்பத்தினருமாக இருநூறு பேருக்கு மேல் கழிவுநீர் அகற்றும் வண்டிகளுக்கு உரிமையாளர்கள் ஆனார்கள், ஏழு வருஷத்துக்கு வாரியமே வேலை கொடுக்கும் ஏற்பாட்டோடு. எனக்கு இதுதான் மறுவாழ்வு என்று படுகிறது. இட்லிக் கடை மாதிரி வாடிக்கையாளர் மனசை நம்பி விடவில்லை, கையில் இயந்திரமும் கொடுத்து ஒப்பந்தமும் கொடுத்தார்கள். ஆனால் அது சென்னை. எங்கள் பக்கத்து நகராட்சிகளுக்கு எப்போது வரும்?

2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் பதின்மூன்று நாள் உட்கார்ந்தார்களே, அவர்கள் கேட்டது பணி நிரந்தரம், தனியாருக்கு விடாதே என்பது. கிடைத்தது நள்ளிரவில் கைது, அப்புறம் காலை உணவு முதலான அறிவிப்புகள். வெறும் வயிற்றோடு தெரு கூட்டுகிறவர்களைப் பார்த்தவன் நான், காலை உணவை ஏளனம் செய்யமாட்டேன். ஆனால் ஒப்பந்தம் என்று வந்துவிட்டால் ஆள் செத்தாலும் முதலாளி கிடைக்கமாட்டார். நகராட்சி ஒப்பந்தக்காரரைக் காட்டும், ஒப்பந்தக்காரர் "அவனா வந்தான்" என்பார்.

வீடுகளிலும் அதே கதைதான். 2022, 2023ல் நடந்த இத்தகைய சாவுகளில் 54ஐ எடுத்து அரசே சமூகத் தணிக்கை செய்தது. 49 பேர் எந்தப் பாதுகாப்புச் சாதனமும் இல்லாமல் உள்ளே போனவர்கள். 38 பேர் தனிப்பட்ட முறையில் கூலி பேசிக் கூப்பிடப்பட்டவர்கள், அதாவது எங்களைப் போன்றவர்களால். 2013 சட்டத்தின் 7ஆம் பிரிவு 'எந்த நபரும்' என்றுதான் தொடங்குகிறது, உள்ளாட்சியை மட்டும் சொல்லவில்லை. மீறினால் முதல் தடவை இரண்டு வருஷம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும், அடுத்த தடவை ஐந்து வருஷம், ஐந்து லட்சம். ஜாமீனில் விட முடியாத குற்றம். எங்கள் சங்கக் கூட்டத்தில் நான் இதைப் படித்துக் காட்டியபோது, "நம்மளை எதுக்கு சார் பிடிப்பாங்க, நாமதான் காசு கொடுத்தோமே?" என்று நிஜமாகவே கேட்டார் ஒருவர். எங்கள் விஷயத்தில் ஆள் செத்திருந்தாலும் அநேகமாகக் கவனக்குறைவால் மரணம் என்று ஒரு வழக்கோடு முடிந்திருக்கும், அதுவும் லாரி டிரைவர் மேல்.

இப்போது எங்கள் தொட்டியை இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இழுக்கிறோம். ஆகிற செலவு வீட்டுக்கு நூறு நூற்றைம்பது ரூபாய். மண்டி இறுகுவதற்குள் எடுத்துவிட்டால் குழாயே போதும், ஆள் வேண்டாம். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறிகளிலேயே இருக்கிறது, யார் படிக்கிறோம்? செங்கல்பட்டுப் பக்கம் கருங்குழியில் 2017லேயே கசடு சுத்திகரிப்பு நிலையம் வந்து, இப்போது பல ஊர்களில் இருக்கிறது, லாரி கண்ட கண்மாயில் கொட்ட வேண்டிய அவசியமும் இல்லை. 14420க்குப் போன் போட்டால் பதிவு செய்த வண்டி வருகிறது. இவ்வளவு சுலபமான காரியத்துக்கு ஒரு மனிதரை எண்ணெய் தேய்த்து உள்ளே அனுப்பினோம்.

ஆசிரியரே, உங்களிடம் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. அடுத்த முறை இந்தச் செய்தி வரும்போது, வரத்தான் போகிறது, 'இறங்கிய' என்பதை எடுத்துவிட்டு 'இறக்கப்பட்ட' என்று போடுங்கள். யார் வீட்டுத் தொட்டி, யார் ஓட்டல், எந்தக் கம்பெனி, யார் கூப்பிட்டது என்பதைச் செத்தவரின் பெயருக்கு முன்னால் போடுங்கள். செத்தவரின் தெருப் பெயர் வரை போடுகிறீர்கள், வீட்டுக்காரர் மட்டும் 'தனியார் குடியிருப்பு' ஆகிவிடுகிறார். வழக்கு 2013 சட்டத்தில் பதிவானதா, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்ததா, வெறும் கவனக்குறைவா என்று நிருபரை ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். ஆறு மாதம் கழித்து அதே நிருபர் அந்தக் காலனிக்குப் போய் 30 லட்சம் வந்ததா, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்களா, வாரிசு வேலை என்று என்ன கொடுத்தார்கள் என்று பார்த்து எழுதட்டும். விளையாட்டுப் பக்கத்தில் கால்பக்கம் குறைந்தால் ஒன்றும் குடி முழுகாது.

என் பெயரையும் அடுக்ககத்தின் பெயரையும் போட வேண்டாம். மேலே நான் கேட்டதற்கு இது நேர்மாறு என்று எனக்கும் தெரிகிறது. சங்கக் கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை, இந்தக் கடிதத்தை அங்கே படித்துக் காட்டிவிட்டு, மற்ற 23 வீட்டாரும் சரி என்றால் பெயரோடு மறுபடி அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நகராட்சி ஊழியர்,
மதுரை.